மூளைக்கு ஒரு தேசப்படம்

தேசப்படம் தொங்காத பள்ளிக்கூடம் இல்லை. மலைகள் எங்கே எழுகின்றன, ஆறுகள் எவ்வழி ஓடுகின்றன, எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குப் பாதை செல்கின்றது என்பனவற்றையெல்லாம் அதில் காண்கிறோம். கடலின் அடித்தளத்துக்கும் படம் உண்டு. சந்திரனுடைய முகத்துக்கும் படம் உண்டு. ஆனால், இப்படங்களையெல்லாம் வரையச் செய்த மூளைக்குப் படம் உண்டா? அதனுள்ளே எந்த இழை எங்கிருந்து புறப்பட்டு எங்கே போய்ச் சேருகின்றது என்பதை எவரேனும் வரைந்து வைத்திருக்கின்றனரா? இவ்வினாவுக்கு விடை தேடியவர்களின் வரலாற்றையே மாணவ நண்பர்களாகிய உங்களுக்கு இன்று சொல்ல விரும்புகிறேன்.

முடிவை முதலிலேயே கூறிவிடுகிறேன். ஓர் உயிரின் நரம்பு மண்டலம் முழுவதிலும், எந்த நரம்பணு எந்த நரம்பணுவோடு இணைந்திருக்கிறது என்பதைக் காட்டும் முதற்படம் 1986-ஆம் ஆண்டில் வெளிவந்தது. அது மனிதனுடைய மூளையின் படம் அன்று. குரங்கின் படமும் அன்று. எலியின் படமும் அன்று. ஒரு மில்லிமீட்டர் நீளமே உள்ள, மண்ணில் வாழும் ஒரு புழுவின் படம் அது. இவ்வளவு சிறிய உயிருக்கு இவ்வளவு பெரிய உழைப்பா என்று சிலர் நகைக்கலாம். அந்தப் படத்தைக் கொண்டு நாம் அறிந்தது என்ன, அறிய முடியாமற்போனது என்ன என்று பார்த்தால், நகைப்பு நீங்கி வியப்புத் தோன்றும்.

இவ்வரலாறு இத்தாலி நாட்டில், மிலான் நகருக்கு அருகே உள்ள அப்பியாதெகிராஸோ என்னும் சிற்றூரில் தொடங்குகிறது. தீராத நோயாளிகளுக்கென அமைந்த ஒரு மருத்துவமனை அங்கே இருந்தது. அதன் தலைமை மருத்துவராய் இருந்த கமில்லோ கால்ஜி, தம் சமையலறையையே ஆராய்ச்சிக்கூடமாக மாற்றிக்கொண்டார். அக்காலத்தில் மூளையை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தவர்களுக்கு, ஒன்றோடொன்று பின்னிக் குழம்பிய ஓர் இழைக்காடே தென்பட்டது. ஒரு மரத்தைத் தனியே பிரித்துக் காண வழி இல்லை. கால்ஜி மூளைத் துணுக்குகளைப் பொட்டாசியம் டைகுரோமேட் கரைசலில் ஊறவைத்துக் கடினமாக்கி, பின்னர் வெள்ளி நைட்ரேட் கரைசலில் இட்டார். மஞ்சள் நிறப் பின்னணியில் சில நரம்பணுக்கள் மட்டும், மையினால் வரைந்தாற்போல, கரிய நிறத்தில் முழுமையாய்த் தோன்றின. உடலும் கிளைகளும் நீண்ட இழையும் தெளிவாகத் தெரிந்தன. 1873-ஆம் ஆண்டில் இம்முறையை அவர் வெளியிட்டார்.

இம்முறையின் சிறப்பு யாதெனில், அது எல்லா அணுக்களுக்கும் சாயம் ஏற்றுவதில்லை. மிகச் சிலவற்றுக்கே ஏற்றுகின்றது. எல்லாம் கறுத்துவிட்டால் மறுபடியும் காடுதான் தெரியும். சில மட்டும் கறுத்ததனால் தனி மரம் தெரிந்தது. இந்தச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

ஸ்பெயின் நாட்டில் சாந்தியாகோ ரமோன் இ கஹால் என்பவர் இருந்தார். இளமையில் ஓவியனாக வேண்டும் என்பது அவர் ஆசை. மருத்துவனாக்க வேண்டும் என்பது உடற்கூறு கற்பித்த தந்தையின் பிடிவாதம். அடங்காத சிறுவனைத் தந்தை சிறிது காலம் நாவிதர் ஒருவரிடமும், காலணி தைப்பவர் ஒருவரிடமும் தொழில் பழக விட்டதும் உண்டு. இறுதியில் தந்தையின் விருப்பமே வென்றது. ஆயினும் ஓவியன் சாகவில்லை. 1887-இல் மாட்ரிட் நகரில் ஒரு நண்பர் வீட்டில் கால்ஜியின் முறைப்படி சாயம் ஏற்றிய மூளைத் துணுக்கைக் கஹால் கண்டார். கண்டவர் அதனை விடவில்லை. முதிர்ந்த மூளையில் இழைகள் பலவும் கொழுப்புறையால் மூடப்பட்டிருத்தலின், சாயம் சரிவர ஏறுவதில்லை. ஆதலால் முட்டைக்குள் வளரும் பறவைக் கருவையும் பிறந்து சில நாளே ஆன குட்டிகளையும் அவர் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டார். இளஞ்செடிகளைப் பார்த்தே காட்டின் இயல்பை அறிவது போன்ற உபாயம் இது.

1888-ஆம் ஆண்டில் பார்சலோனா நகரிலிருந்து, தாமே நடத்திய ஒரு சஞ்சிகையில், பறவையின் சிறுமூளையைப் பற்றிய தம் முடிபைக் கஹால் வெளியிட்டார். நரம்பணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டி ஒன்றாகிவிடுவதில்லை. ஒவ்வொன்றும் தனித்தனி உயிரணு. அவை ஒன்றையொன்று அணுகித் தொடுகின்றனவேயன்றிக் கலந்துவிடுவதில்லை என்பது அவர் கண்ட உண்மை. ஸ்பானிய மொழியில் எழுதியதைப் பிற நாட்டார் படிக்கவில்லை. அடுத்த ஆண்டு, தம் மைக்ராஸ்கோப்புத் துணுக்குகளைச் சுமந்துகொண்டு, பெர்லினில் நடந்த உடற்கூற்று அறிஞர் மாநாட்டுக்கே அவர் சென்றார். அங்கே முதுபெரும் அறிஞர் கெல்லிக்கர் அவற்றைத் தம் கண்ணால் கண்டு ஏற்றுக்கொண்டார். 1891-இல் வால்டேயர் என்ற ஜெர்மானியர் இத்தனி அணுவுக்கு ‘நியூரான்’ என்று பெயரிட்டார். ஓர் அணு மற்றோர் அணுவைச் சந்திக்கும் இடத்துக்கு 1897-இல் ஆங்கில அறிஞர் ஷெரிங்டன் ‘சினாப்ஸ்’ என்று பெயர் சூட்டினார். நாம் அதனை நரம்புச் சந்தி என்போம்.

கால்ஜியோ இதனை ஒப்பவில்லை. மூளை முழுவதும் இடைவிடாது பின்னிய ஒரே வலை என்பது அவருடைய கொள்கை. 1906-ஆம் ஆண்டில் நோபல் பரிசு இவ்விருவருக்கும் பகிர்ந்து வழங்கப்பட்டது. ஸ்டாக்ஹோம் நகரில் பரிசு பெற்ற அந்தச் சொற்பொழிவிலேயே, உடன் பரிசு பெற்றவரின் கொள்கையைக் கால்ஜி மறுத்துப் பேசினார்! கால்ஜி அளித்த சாயத்தைக் கொண்டே கால்ஜியின் கொள்கையைக் கஹால் வீழ்த்தினார் என்பது விஞ்ஞான வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

இந்தச் சண்டை வெறும் பெயர்ச் சண்டை அன்று. மூளை ஒரே வலையானால், அதில் யார் யாருக்குச் செய்தி சொல்கின்றனர் என்ற கேள்விக்கே இடம் இல்லை. குளத்து நீரில் எந்தத் துளி எந்தத் துளியோடு பேசுகிறது என்று கேட்பாருண்டோ? தனித்தனி அணுக்கள் என்றால், எது எதனோடு இணைந்தது என்று கேட்கலாம், படம் வரையலாம். கஹால் தாம் வரைந்த ஓவியங்களில் சிறு அம்புக்குறிகளை இட்டு, செய்தி எத்திசையில் செல்லும் என்பதையும் காட்டினார். மூளையின் பாதைப் படம் என்னும் எண்ணம் அந்த அம்புகளிலிருந்தே பிறந்தது. சந்தியில் உண்மையாகவே ஓர் இடைவெளி உண்டு என்பதை 1950-க்குப் பிற்பட்ட ஆண்டுகளில் எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப் கண்கூடாகக் காட்டியது. ஒரு மில்லிமீட்டரை ஐம்பதாயிரம் கூறு செய்தால், ஒரு கூறே அந்த இடைவெளியின் அகலம்.

இனி இங்கிலாந்துக்குச் செல்வோம். கேம்பிரிட்ஜ் நகரிலுள்ள மூலக்கூறு உயிரியல் ஆராய்ச்சிக்கூடத்தில் சிட்னி பிரென்னர் பணியாற்றி வந்தார். அவர் 1927-இல் தென்னாப்பிரிக்காவில் பிறந்தவர். பாரம்பரியத்தைத் தாங்கும் ஜீன்களின் மறைபொருளை அறியும் முயற்சியில் பெரும் பங்கு கொண்டவர். அத்துறையின் மூலப் பிரச்சினைகள் தீர்ந்துவிட்டன, அல்லது விரைவில் தீர்ந்துவிடும் என்று அவருக்குத் தோன்றியது. 1963-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஆராய்ச்சிக்கூடத் தலைவர் மாக்ஸ் பெருட்ஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். இனி, உயிர் வளரும் விதத்தையும் நரம்பு மண்டலத்தையும் ஆராய வேண்டும் என்பது அதன் சாரம்.

அதற்கு ஏற்ற உயிராக அவர் தேர்ந்தெடுத்ததே ‘சீனோராப்டைட்டிஸ் எலிகன்ஸ்’ என்னும் உருண்டைப் புழு. அது கண்ணாடி போன்ற உடலுடையது. உயிரோடிருக்கும்போதே அதன் உள்ளுறுப்புக்களைக் காணலாம். பாக்டீரியாவை உண்டு, ஏறத்தாழ மூன்றே நாளில் முட்டையிலிருந்து முதிர்ந்த புழுவாகின்றது. எல்லாவற்றுக்கும் மேலாக, அதன் நரம்பணுக்களை எண்ணி முடிக்கலாம். இருபாலும் ஓருடலில் அமைந்த முதிர்ந்த புழுவில் அவை 302. இப்புழுவில் ஜீன் ஒன்று மாறினால் அதன் நடை கெடுகிறது. எந்த இணைப்புக் கெட்டதால் நடை கெட்டது என்று அறிய வேண்டுமானால், கெடாத இணைப்பு எப்படி இருந்தது என்று முன்னரே தெரிந்திருக்க வேண்டுமன்றோ? அதனால்தான் படம் வேண்டியிருந்தது.

கால்ஜியின் முறை சில அணுக்களை மட்டுமே காட்டும் என்று முன்பு சொன்னேன். அன்று சிறப்பாய் இருந்தது இன்று குறையாயிற்று. தேசப்படத்தில் சில ஊர்களை மட்டும் குறித்தால் போதாது. ஒவ்வோர் ஊரும் ஒவ்வொரு பாதையும் வேண்டும். ஆதலின், புழுவைக் குறுக்கே மெல்லிய சீவல்களாக அரிந்து, ஒவ்வொன்றையும் எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் படம் பிடித்து, அப்படங்களை வரிசையாக அடுக்கி, ஒவ்வோர் இழையையும் படத்துக்குப் படம் தொடர்ந்து செல்வது என்று முடிவாயிற்று. ஒரு சீவலின் கனம் மில்லிமீட்டரில் இருபதாயிரத்தில் ஒரு பங்கு. ஆயிரக்கணக்கான சீவல்கள் வேண்டும். இடையில் ஒன்று கிழிந்தாலும், அழுக்குப் படிந்தாலும், தொடர்ந்து வந்த இழை கைநழுவிப் போகலாம்.

சீவுவதில் தேர்ந்தவர் நிக்கல் தாம்சன். கம்ப்யூட்டரை இப்பணிக்குப் பயன்படுத்தும் நோக்கத்தோடு வந்து சேர்ந்தவர் ஜான் ஒயிட். படங்களில் இழைகளைத் தொடர்ந்து குறித்தவர் அய்லீன் சௌத்கேட் என்னும் பெண்மணி. அக்காலக் கம்ப்யூட்டருக்கு இவ்வேலை எட்டவில்லை. ஆகவே, மனிதக் கண்ணும் மனிதக் கையுமே முன்வந்தன. பெரிதாக அச்சிட்ட புகைப்படங்களின்மேல் வண்ண மைப் பேனாக்களால் அடையாளமிட்டு, ஒரே இழைக்கு ஒரே பெயர் தந்து, அடுத்த படத்திலும் அதற்கடுத்த படத்திலும் அதனைத் தேடிக் கண்டனர். நாளெல்லாம் இதுவே வேலை. ஆண்டெல்லாம் இதுவே வேலை. புழுவின் தொண்டைப் பகுதியிலுள்ள இருபது நரம்பணுக்களின் படம் 1976-இல் முடிந்தது. மற்றவை முடிய மேலும் பத்தாண்டுகள் சென்றன.

1986-ஆம் ஆண்டு நவம்பரில் ராயல் சங்கத்தின் வெளியீட்டில் அப்படைப்பு அச்சாயிற்று. ஒயிட், சௌத்கேட், தாம்சன், பிரென்னர் ஆகிய நால்வர் பெயரும் அதில் உள்ளன. ஒரு கட்டுரைக்கு 340 பக்கங்கள்! ஏறத்தாழ 5,000 இரசாயனச் சந்திகளும், நரம்பு தசையைச் சேரும் இடங்கள் 2,000-மும், இரண்டு அணுக்கள் நேரே ஒட்டிப் பேசும் இணைப்புக்கள் 600-ம் அதில் குறிக்கப்பட்டன. அது ஒரே புழுவின் படம் அன்று; பல புழுக்களின் பகுதிகளைப் பொருத்தி அமைத்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

படத்தின் பயனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவேன். புழுவின் தலைப்பக்கத்தை மெல்லத் தொட்டால், அது பின்னோக்கி ஊரும். வாற்பக்கத்தைத் தொட்டால், முன்னோக்கி ஊரும். அதனைத் தொடுவதற்கு ஆராய்ச்சியாளர் கண்டுபிடித்த கருவி என்ன தெரியுமா? ஒரு சிறு குச்சியின் முனையில் ஒட்டிய மனிதப் புருவ மயிர்! மார்ட்டின் சால்ஃபி முதலியோர் படத்தைப் பார்த்து, தொடுகையை உணரும் ஆறு நரம்பணுக்கள் எவை, அவை எந்த இடைநிலை அணுக்களோடு இணைந்துள்ளன, அவை எந்த இயக்க அணுக்களுக்குக் கட்டளை இடுகின்றன என்று தொடர்ந்து கண்டனர். பிறகு லேசர் என்னும் ஒளிக்கற்றையால் ஒரு குறிப்பிட்ட அணுவை மட்டும் பொசுக்கிவிட்டு, மறுபடியும் தொட்டுப் பார்த்தனர். தலைப்புறத்து உணர்வணுக்களை அழித்தபோது, தலையைத் தொட்டாலும் புழு அசையவில்லை. பின்னோக்கிச் செல்லும் கட்டளையைத் தாங்கும் இடைநிலை அணுக்களை அழித்தபோது, பின்னோக்கிய நடை கெட்டது. 1985-இல் வெளிவந்த இவ்வாராய்ச்சியால், ஒரு தொடுகை ஒரு நடையாக மாறும் வழி முழுவதும் அணு அணுவாகத் தெரியவந்தது. படத்தில் கண்ட பாதை வெறுங்கோடு அன்று, செய்தி செல்லும் வழியே என்பதும் உறுதியாயிற்று.

ஆயினும் அடக்கத்தோடு ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். 302 அணுக்களின் இணைப்புக்கள் தெரிந்த பின்னரும், இப்புழு அடுத்த கணத்தில் என்ன செய்யும் என்று படத்தை மட்டும் பார்த்து எவரும் கூறிவிட முடியவில்லை. காரணம் என்ன? தேசப்படம் பாதையைக் காட்டும். அப்பாதையில் இன்று எத்தனை வண்டிகள் போகின்றன, எந்தப் பாலம் மூடப்பட்டிருக்கிறது என்பதைக் காட்டாது. ஒரு சந்தி அடுத்த அணுவைத் தூண்டுகிறதா, அடக்குகிறதா என்பது அதன் வடிவத்தில் எழுதப்பட்டிருப்பதில்லை. அன்றியும், சில இரசாயனப் பொருள்கள் சந்திகளின் வழியே செல்லாமல் உடலில் பரவி, தொலைவிலுள்ள அணுக்களின் போக்கையும் மாற்றுகின்றன. ஈவ் மார்டர் என்னும் அம்மையார் நண்டு வகைகளின் இரைப்பையை இயக்கும் ஒரு சிறு நரம்புத் தொகுதியைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். அதில் ஏறத்தாழ முப்பது அணுக்களே உள்ளன, இணைப்புக்களும் தெரிந்தவை. அத்தொகுதி ஒரு இரசாயனப் பொருள் பட்டால் ஒரு தாளத்திலும், வேறொன்று பட்டால் வேறு தாளத்திலும் இயங்குவதை அவர் காட்டினார். வீணை ஒன்றே, அதில் எழும் இராகங்கள் பல. வீணையின் தந்திகளை எண்ணிவிட்டதனாலேயே இராகத்தை அறிந்துவிட்டதாகாது. ஆனால், தந்திகளையே அறியாதவன் வீணையைப் பற்றிப் பேசவும் இயலாது.

புழுவுக்குப் பின் நெடுங்காலம் வேறு பெரும்படம் எழவில்லை. ஒரு நரம்பு மண்டலத்தின் இணைப்புக்களின் முழுத் தொகுதிக்கு ‘கனெக்டோம்’ என்ற பெயர் 2005-ஆம் ஆண்டில்தான் வழக்குக்கு வந்தது. அதற்குள் கருவிகள் மாறிவிட்டன. சீவுவதையும் படம் பிடிப்பதையும் இயந்திரங்கள் தாமே செய்தன. இழையைத் தொடர்ந்து செல்லக் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டது. 2023-இல் பழ ஈயின் புழுப் பருவத்து மூளையின் படம் வெளிவந்தது. அதில் 3,016 நரம்பணுக்களும், ஏறத்தாழ 5,48,000 சந்திகளும் உள்ளன. 2024-இல், முதிர்ந்த பழ ஈயின் மூளை முழுவதற்கும் படம் முடிந்தது. அதில் 1,39,255 நரம்பணுக்கள். சந்திகள் ஐந்து கோடிக்கு மேல். இங்கும் மனிதக் கண் ஓய்வு பெறவில்லை. கம்ப்யூட்டர் ஓர் இழையைத் தவறாக வெட்டியும் வேறோர் இழையோடு ஒட்டியும் விட்ட இடங்களைப் பல நாட்டு ஆராய்ச்சியாளரும், ஆர்வத்தால் முன்வந்த பொதுமக்களும் ஒவ்வொன்றாகத் திருத்தினர். அவ்வுழைப்பை ஒருவரே செய்திருந்தால் முப்பதுக்கும் மேற்பட்ட ஆண்டுகள் ஆகியிருக்கும் என்று கணக்கிட்டனர்.

அந்த ஈயின் படத்தைக் கம்ப்யூட்டரில் இட்டு, இனிப்பை உணரும் அணுக்களைத் தூண்டினால் என்னவாகும் என்று கணக்கிட்டுப் பார்த்தனர். உறிஞ்சுகுழலை நீட்டும் இயக்க அணுக்கள் தூண்டப்படும் என்று விடை வந்தது. சர்க்கரையைக் கண்ட ஈ செய்வதும் அதுவே. படத்திலிருந்து செயலை முன்னறியும் கலை இவ்வாறு முதலடி எடுத்து வைத்திருக்கிறது.

பிரென்னரோடு ஒரே அறையில் இருபது ஆண்டுகள் பணியாற்றியவர் பிரான்சிஸ் கிரிக் என்னும் பேரறிஞர். மூளையில் ஒரு கன மில்லிமீட்டர் அளவுக்குக்கூடச் சரியான இணைப்புப் படத்தையும், அதிலுள்ள அணுக்களெல்லாம் இயங்கும் விதத்தையும் கேட்பது இயலாததைக் கேட்பதாகும் என்று 1979-இல் அவர் எழுதினார். 2025-ஆம் ஆண்டு ஏப்ரலில், எலியின் பார்வை மூளையில் ஒரு கன மில்லிமீட்டருக்கு அத்தகைய படம் பெரும்பாலும் வெளிவந்துவிட்டது. அந்த எலி திரைக்காட்சிகளைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் பல்லாயிரம் நரம்பணுக்களின் இயக்கத்தைப் பதிவு செய்து, பின்னர் அதே பகுதியைச் சீவிப் படம் எடுத்தனர். ஒரு மணற்பருக்கை அளவுள்ள அவ்விடத்தில் 50 கோடிக்கு மேற்பட்ட சந்திகள் இருக்கக் கண்டனர். கிரிக் பெரிய மேதை. ஆயினும் ‘இயலாது’ என்னும் சொல்லைக் காலம் எப்படி நடத்துகிறது என்பதற்கு இது ஒரு சான்று.

அதனால் கர்வம் கொள்வதற்கும் இடம் இல்லை. அந்தப் பருக்கை எலியின் மூளையில் ஏறத்தாழ ஐந்நூறில் ஒரு பங்கே. மனித மூளையிலோ சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள் இருக்கின்றன. அதன் முழுப் படம் இன்றும் தொலைவில் நிற்கின்றது.

2002-ஆம் ஆண்டில் பிரென்னருக்கும் அவருடைய சகாக்களான சல்ஸ்டன், ஹார்விட்ஸ் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இப்புழுவைக் கொண்டு உறுப்பு வளர்ச்சியையும் உயிரணுக்களின் இறப்பையும் ஆராய்ந்ததற்காக அப்பரிசு வழங்கப்பட்டது. நரம்புப் படத்தை வரைந்த ஒயிட்டுக்கோ, சௌத்கேட்டுக்கோ, தாம்சனுக்கோ அப்படிப்பட்ட பரிசு கிடைக்கவில்லை. ஆனால், நரம்பு மண்டலத்தின் படம் என்று எங்கே பேச்செழுந்தாலும் முதலில் அவர்கள் வரைந்த படமே எடுத்துக் காட்டப்படுகிறது. அடுத்த முறை வகுப்பறைச் சுவரில் தேசப்படத்தைக் காணும்போது, வண்ணப் பேனாவைக் கையில் ஏந்தி, ஒரு புழுவின் ஓர் இழையைப் புகைப்படத்துக்குப் புகைப்படம் தேடிச் சென்ற அக்கைகளை நினைத்துப் பாருங்கள். மூளையை மூளை அறிந்துகொள்ள எடுத்துவைத்த முதலடி அதுவே.